துவைக்கிற கல்லில் ஏறிய மஞ்சள்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். எனக்குப் புதிதாகக் கல்யாணமாகி, கணவர், மாமியாரோடு திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவந்திருந்தோம். மழை விடாமல் பெய்தது.

ஒருநாள் காலை, கொல்லையில் கிடந்த மட்கிய தென்னங்கட்டையின் மேல், வெந்த பருப்பைக் கொட்டியதுபோல மஞ்சளாக ஏதோ படர்ந்திருந்தது. நாய் வாந்தி எடுத்திருக்கும் என்று விட்டுவிட்டோம். மறுநாள் பார்த்தால் கட்டையில் இல்லை. பக்கத்தில் துவைக்கிற கல்லின் மேல் ஏறியிருந்தது!

"நேத்து கட்டை மேலன்னா இருந்தது? நடந்து வந்திருக்கே!" மாமியார் இரண்டடி பின்வாங்கினார். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றார். கூடவே, "எல்லாம் இவ கால் வச்ச நேரம்" என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனாலும் அது என்னவென்று தெரியாமல் இருக்க முடியவில்லை. அதன் ஓரத்தை ஒட்டிக் கரியால் ஒரு கோடு போட்டுவைத்தேன். மத்தியானம் போய்ப் பார்த்தபோது கோட்டைத் தாண்டியிருந்தது. பயம் போய் ஆசை வந்துவிட்டது. துளி எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு, இரண்டு வீடு தள்ளியிருந்த தாவரவியல் டீச்சரிடம் ஓடினேன். வீட்டிலேயே மைக்ராஸ்கோப் வைத்திருந்த மலையாளி அம்மா அவர். பார்த்ததுமே சிரித்தார். "அம்மாவையும் விளிச்சுக்கொண்டு வா மோளே" என்றார்.

மாமியார் முதலில் வர மறுத்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே வந்து, குனிந்து கண்ணை வைத்தார். நிமிரவே இல்லை. "ரத்தம் மாதிரி ஓடறதே! நிக்கறது... ஐயோ, திரும்பி ஓடறது!"

"இது செடியும் இல்லா, மிருகமும் இல்லா, காளானும் இல்லா. இத்தனை பெரிசும் ஒரே ஒரு செல்லாக்கும்" என்றார் டீச்சர். "மூளை இல்லா. ஆனா தீனி எங்கே உண்டுன்னு அதுக்கு அறியும், கேட்டோ."

"அப்போ இதுக்கு உயிர் இருக்கா?" என்றார் மாமியார்.

"பின்னே இல்லாதே? உயிர் உண்டு."

மாமியார் இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "திங்கறதுக்கு என்ன குடுக்கலாம்?"

அன்று சாயங்காலம் கல்லைச் சுற்றி அவலைத் தூவியது அவர்தான். மறுநாள் காலை காப்பி போடுவதற்கு முன்பே என்னை எழுப்பி, "வந்து பாரு, அவல் பக்கமா கையை நீட்டிண்டிருக்கு" என்று கூட்டிப்போனார். மழை ஓய்ந்ததும் அது காய்ந்து, பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. "செத்துப்போச்சா?" என்று வருத்தமாகக் கேட்டார். அந்தப் பொடிதான் அதன் விதை மாதிரி, மறுபடி ஈரம் பட்டால் முளைக்கும் என்று டீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

அடுத்த வீட்டு மாமியிடம் மாமியார் பேசியது அடுக்களை வரை கேட்டது. "செய்வினையும் இல்லே, ஒண்ணும் இல்லே. என் மாட்டுப்பொண்தான் கண்டுபிடிச்சா."

உயிர் என்றால் என்ன என்று எனக்கு இன்றும் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் புரியாத ஒன்றைக் கண்டால் விலகி ஓடாமல் கிட்டப் போய்ப் பார்க்கிற பழக்கம் அந்த மழைக்காலத்தில்தான் எனக்கு வந்தது, இன்றுவரை போகவில்லை.