தோழிப்பெண்ணின் கழுத்து

என் பதினைந்தாவது வயதில் மூன்று வாரம் நான் கழுத்தைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். வேறு யாருடைய கழுத்தும் இல்லை, என்னுடையதுதான்.

யுத்த காலம் அது. ஏரியூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் கன்னடம். பக்கத்து வீடு கன்னட வீடு. அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒரே வயசு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த கிளுவை வேலியில் நாங்கள் நுழைந்து நுழைந்தே ஒரு சந்து உண்டாகியிருந்தது. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம், பரிசலில் கடந்து ஒரு பகல் வண்டியில் போக வேண்டிய ஊர். தோழிப்பெண்ணாக நான்தான் உட்கார வேண்டும் என்று அவள் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்.

தோழிப்பெண்ணுக்கு வேலை அதிகமில்லை. மணவறையில் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாலையைச் சரிசெய்ய வேண்டும், வேர்வையைத் துடைக்க வேண்டும், அழுதால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சேலை பெண் வீட்டார் எடுத்துத் தருவார்கள். மற்றதெல்லாம் அவரவர் பாடு. துணிக்கே அளவு வைத்திருந்த நாளில் பட்டுக்கு எங்கே போவது? எனக்குப் பச்சை நூல் சேலை, அரக்குக் கரை. எனக்குப் பிடித்திருந்தது. அதோடு விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவளுடைய அப்பாவின் அக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்யாண வேலைக்கென்று முன்கூட்டியே வந்திருந்தார். சேலையை என் கையில் கொடுத்த அன்றைக்கு அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். காதில் சின்னத் தோடு இருந்தது. கையில் கண்ணாடி வளையல் இருந்தது. கழுத்தில் ஒன்றும் இல்லை.

“மூளிக் கழுத்தோட மணவறையில உக்காரக் கூடாது, கண்ணு. தோழிப்பொண்ணு மேல ஒரு கொறை இருந்தா அது கல்யாணப் பொண்ணு மேல ஒட்டிக்கும்” என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னார். அதனால்தான் அது எனக்குள் இறங்கிவிட்டது. எனக்கு நகை இல்லை என்பது பெரிய விஷயமே இல்லை. என்னால் அவளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பயம்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். அம்மாவிடம் தாலிக்கொடியைத் தவிர வேறொன்றும் இல்லை, அதை நான் கேட்கவா முடியும்? ராத்திரி சோற்றுக்கு உட்கார்ந்தாலும் இதே பேச்சு. அப்பா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கல்யாணம் அவளுக்கா உனக்கா, சொன்னால் நானும் ஒரு பந்தல் போட்டுவிடுகிறேன் என்றார். சிரிப்பு வந்தும் நான் சிரிக்கவில்லை.

ஆனாலும் அப்பாதான் வழி பார்த்தார். கம்பைநல்லூரில் என் அத்தை வீடு. புளி விற்கப் போனவர் அத்தையின் சிவப்புக்கல் அட்டிகையைக் கேட்டு வாங்கி, மேல்துண்டில் முடிந்து, கரியில் ஓடுகிற பஸ்ஸில் இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். போட்டுப் பார்த்தேன். பச்சைச் சேலைக்கு அது எடுப்பாக இருந்தது. வேலிச் சந்தில் நுழைந்து அவளிடம் காட்டப் போனேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள், அழகாக இருக்கிறது என்றாள். அப்போது அவள் கழுத்தில் கல்யாணத்துக்கென்று செய்திருந்த சங்கிலி கிடந்தது. நூல் மாதிரி இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. பெண்ணைவிடத் தோழி மினுக்கினால் அது குறை இல்லையா? மாப்பிள்ளை வீட்டார் யாரைப் பார்ப்பார்கள்? அட்டிகையை அடுத்த வாரமே திருப்பி அனுப்பச் சொன்னேன். அம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. இல்லாவிட்டாலும் அழுகிறாய், இருந்தாலும் அழுகிறாய், உன்னை என்ன செய்வது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் இன்னும் அழுதேன்.

சந்தைக்குப் போனேன். வளையல்காரரின் விரிப்பின் முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தேன். சிவப்புப் பாசி பச்சைக்குக் கண்ணை உறுத்தும். முத்துமாலை என்று வைத்திருந்தது கையில் எடுத்தால் காகிதம்போல இருந்தது. கடைசியில் கருகமணி கண்ணில் பட்டது. எங்கள் வீடுகளில் பச்சைக் குழந்தைகளுக்குக் கண்பட்டுவிடாமல் இருக்கக் கையில் கட்டுகிற அதே கருகமணிதான். அதைப் பார்த்ததும் எனக்கு அவளுடைய அம்மாவின் ஞாபகம் வந்தது. அவர் கழுத்தில் இரண்டு சரமாகக் கருகமணி இருக்கும், நடுநடுவே பொன்மணி. தண்ணீர் சேந்தக் குனியும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு வந்துபோகிற பெண்கள் எல்லோரும் அதையே போட்டிருந்தார்கள், அவள் அப்பாவின் அக்காகூட. அவர்களே போட்டுக்கொள்வதை நான் போட்டுக்கொண்டு போனால் யார் குறை சொல்ல முடியும்?

இதைவிடப் புத்திசாலித்தனமாக நான் அதுவரை எதையும் யோசித்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கருகமணியோடு பொன்முலாம் பூசிய மணிகளும் வாங்கினேன். நூலில் மெழுகு தேய்த்து, அவள் அம்மா கழுத்தில் பார்த்தபடியே இரண்டு சரம் கோத்தேன். பொன்மணி எங்கே வர வேண்டும் என்று பார்ப்பதற்காகவே இரண்டு தடவை வேலி தாண்டிப் போய்வந்தேன். அம்மா பார்த்துவிட்டு, நல்லது, கண்ணாவது படாமல் இருக்கும் என்றாள். தோழியிடம் சொல்லவில்லை. கல்யாணத்தன்று பார்த்து அவள் சந்தோஷப்படட்டும் என்று வைத்திருந்தேன்.

கல்யாணம் அவள் வீட்டிலேயே. காலையில் நான் கனகாம்பரம் வைத்து, பச்சைச் சேலை கட்டி, கருகமணியோடு உள்ளே போனபோது பெண்ணுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மாள் என் கழுத்தைப் பார்த்தார். பிறகு என் கால்விரலைப் பார்த்தார், மெட்டி இல்லை. பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, “இவளிகெ மதுவெ ஆகிதெயா?” என்றார். இவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார். எனக்குக் கன்னடம் தெரியும். கேள்விதான் புரியவில்லை.

மூளிக் கழுத்து என்று சொன்ன அந்த அக்கா எழுந்தார். அதற்குள் தோழியின் அம்மா என் கையைப் பிடித்து, கேழ்வரகுக் குதிர் வைத்திருந்த இருட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“இதை யாரு கண்ணு உனக்குக் கட்டுனது?”

நானே கோத்துக் கட்டிக்கொண்டேன் என்றேன். அவர் முகத்திலிருந்த மஞ்சள்கூட வெளுத்தமாதிரி இருந்தது. மெல்லச் சொன்னார். எங்கள் வீடுகளில் தாலிபோல அவர்கள் வீடுகளில் இது. புருஷன் கட்டுவது. கன்னிப் பெண் தொடக் கூடாது. பத்து வருஷம் வேலியில் நுழைந்து போனவளுக்கு, அந்த வீட்டில் எந்தக் கன்னிப் பெண்ணும் அதைப் போட்டதில்லை என்பது கண்ணில் படவே இல்லை.

கழற்றிவிடுகிறேன் என்று கையைத் தூக்கினேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவரும் முடிச்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“இங்க கழட்டாத. இன்னைக்கி இந்த வூட்டுல இது ஒரு கழுத்துலருந்து எறங்கக் கூடாது. உங்க வூட்டுக்குப் போயி கழட்டிட்டு வந்துரு. சீக்கிரம் போ.”

எங்கே, எப்போது, யாருக்கு அது இறங்கும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்தது. புருஷன் செத்த பெண்ணுக்குத்தான் இறங்கும்.

பின்வாசல் வழியாக ஓடினேன். மேளம் ஆரம்பித்துவிட்டது. வேலிச் சந்தில் குனிந்து நுழைந்தபோது பின்கழுத்தில் ஏதோ சுரீர் என்று இழுத்தது. கிளுவை முள்ளில் நூல் மாட்டியிருந்தது. நிற்பதற்குள் அறுந்தது. மணிகள் என் ரவிக்கைக்குள்ளும் சேலை மடிப்பிலும் மண்ணிலுமாகக் கொட்டின.

இறங்கக் கூடாது என்றார்கள். என் கழுத்தில் அது அறுந்தே விட்டது. அதுவும் எங்கள் வீட்டுப் பக்கம் இல்லை, அவர்கள் வீட்டுப் பக்கமும் இல்லை, நடுவேலியில். இது யார் கணக்கில் சேரும்? மண்ணைக் காலால் தள்ளி மூடினேன். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அவள் பக்கத்தில் இடம் காலியாகக் கிடக்குமே, அதுவும் குறைதானே. திரும்பி ஓடினேன்.

அவள் அம்மா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் என் முந்தானையை இழுத்து இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்தி, கழுத்துவரை மூடிவிட்டார். மூன்று வாரம் நான் யோசித்த கழுத்தை அதற்குப் பிறகு யாருமே பார்க்கவில்லை.

மணவறையில் உட்கார்ந்தேன். அவள் தலை குனிந்திருந்தாள். கருகமணித் தாலி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் மஞ்சள் கை என் சேலை மடிப்புக்கு வந்தது. என் கையைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். அவள் ஒரு கருப்பு மணியை எடுத்தாள். உற்றுப் பார்த்தாள். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நூல் அவிழ்த்த நூல் இல்லை, அறுந்த நூல் என்று ஒற்றை மணி சொல்லிவிட்டது. நான் அவளைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை கட்டினார், எல்லோரும் அரிசி போட்டார்கள், நானும் போட்டேன். மறுநாள் பரிசலில் ஏறிப் போனாள். ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து யார் வந்தாலும் பின்னாலேயே போய், அவள் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்பேன். எல்லோரும் என்று கேட்டாலும் நான் கேட்டது ஒருவரைத்தான். ஒரு மழைக்காலத்தில் அவள் புருஷனுக்கு விஷக்காய்ச்சல் என்று சேதி வந்தது. எட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. யாரிடமும் இதைச் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட.

தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துவந்தார்கள். வேலிச் சந்தில் நுழைந்து ஓடினேன். முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்க்கவில்லை, கழுத்தைத்தான் பார்த்தேன். இரண்டு சரம், நடுவே பொன்மணி. இருந்தது. நான் மூச்சு விட்டுவிட்டு நிமிர்ந்தபோது அவளும் என் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு இன்னும் ஒண்ணும் கூடி வரலியா?” என்றாள்.

இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று என்றேன். அவள் கண் நிறைந்துவிட்டது. நான் பயந்துபோனேன். என்ன ஆயிற்று என்று உலுக்கினேன்.

“அறுந்தது உன் கழுத்துலருந்து தான புள்ள. எனக்கு என்னா ஆவப் போவுது? உனக்கு வர்றவனுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு அன்னையிலருந்து எனக்குத் தூக்கமில்ல. திங்கக்கெழமயானா பச்சத்தண்ணிகூடக் குடிக்கறதில்ல. உனக்கு ஒரு நல்லது நடக்கற வரைக்கும்னு வேண்டிக்கிட்டேன்.”

அந்த மணி என் கழுத்தில்தானே இருந்தது என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. ஒன்றரை வருஷமும் அவளுக்காக மட்டுமே பயந்திருக்கிறேன். எனக்காகப் பயப்படவும் ஒரு ஆள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பட்டினி கிடந்திருக்கிறாள், அதுவும் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு.

வந்ததே எனக்குக் கோபம். அவளைத் திட்டியதுபோல நான் வாழ்நாளில் யாரையும் திட்டியதில்லை. பைத்தியமா உனக்கு, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, உன்னை யார் வேண்டிக்கொள்ளச் சொன்னது என்று கத்தினேன். அவள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அன்றைக்கும் திங்கட்கிழமைதான்.

நான் அடுப்படிக்குப் போய் அவள் அம்மா கையிலிருந்து சட்டியை வாங்கினேன். களியை உருட்டி, கீரைக் குழம்பு ஊற்றி, தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். வேண்டுதலை என்ன செய்வது என்று மெல்லக் கேட்டாள். என்மேல் வைத்தது, இனித் திங்கட்கிழமைப் பட்டினியை நான் எடுத்துக்கொள்கிறேன், நீ சாப்பிடு என்றேன். முதல் கவளத்தை நானே பிட்டு அவள் வாயில் வைத்தேன். அழுதுகொண்டே விழுங்கினாள்.