சேலைப் பிரிவில் ஒரு ஸ்டூல்

இளவரசிக்குப் பதினொரு ஆண்டுகளாக ஒரு நாற்காலியின்மேல் பொறாமை.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜவுளிக்கடையில், கல்லாவுக்குப் பின்னால் சுழலும் நாற்காலி அது. காசாளர் ஸ்ரீனி அதில் உட்கார்ந்திருப்பார். பதினொரு மணிக்கு பஜ்ஜி, நான்கு மணிக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ. குடிக்கும் தண்ணீர்கூட அவரைத் தேடி வரும். எதிரே சேலைப் பிரிவில் இளவரசி காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நிற்பாள். ஆள் வராத மதியத்திலும் நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால், வீட்டிலிருந்தே கேமராவில் பார்க்கும் முதலாளி போன் செய்வார். 'அந்தாளு காலு மட்டும் இன்னா வழவழன்னு இருக்கும்!' என்று நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

அவளுடைய கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாக முறுக்கிக்கொண்டிருந்தன. கணுக்காலருகே வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. திருஷ்டி என்று சொல்லி, உடன் வேலை செய்யும் பிரபா கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். அரசு மருத்துவமனை டாக்டர் அதை வெட்டிப் போட்டார்.

"ஒரே எடத்துல நின்னு நின்னு வந்தது இது. அப்பப்ப உட்காரணும், காலைத் தூக்கி வைக்கணும். இல்லன்னா ஆறவே ஆறாது."

உட்காரக் கேட்டால் வேலை போகும். கடைகளில் இருக்கை வேண்டுமென்று சட்டம் வந்தபோது முதலாளி நான்கு ஸ்டூல் வாங்கினார். அதிகாரி பார்த்துவிட்டுப் போன மறுநாளே அவை குடோனுக்குப் போயின. இப்போது அட்டைப்பெட்டிகள் அவற்றின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. இதையும் தலையெழுத்து என்பார்கள் சிலர். அவர்கள் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் சொல்கிறார்கள்.

அன்றே அந்த மருத்துவமனையில் மருந்து வாங்கும் வரிசையில் அவளுக்கு முன்னால் ஸ்ரீனி நின்றிருந்தார். கால் கட்டைவிரலில் பெரிய கட்டு.

"இன்னா சார், காலுல?"

"சர்க்கரை முந்நூத்தி நாப்பது. காலே மரத்துப் போயிடுத்து, ஆணி குத்தினதுகூடத் தெரியலை. நடங்கோங்கறார் டாக்டர். கல்லாவை விட்டு எங்கே நடக்கறது? உன்னைப் பார்த்தாத்தான் பொறாமையா இருக்கும்மா. நாள் பூரா நடந்துண்டே இருக்கே."

"நான் எங்க சார் நடக்கிறேன்? நின்னுக்கினு கீறேன்." சேலையைச் சற்றுத் தூக்கிப் புண்ணைக் காட்டினாள். அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

பொறாமை அடங்கவில்லை, ஆள்தான் மாறியது. முதலாளி காலையில் ஷூ போட்டு ஏரிக்கரையில் நடக்கிறார். பிறகு சோபாவில் சாய்ந்து கேமரா பார்க்கிறார். நடக்கவும் உட்காரவும் உரிமை அந்த ஒருவருக்குத்தானா?

கடைக்குத் திரும்பியதும் நேரே குடோனுக்குப் போனாள். பெட்டிகளை இறக்கி, ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து சேலைப் பிரிவில் போட்டு உட்கார்ந்தாள். காலைப் பெட்டியொன்றின்மேல் நீட்டினாள். உடனே கல்லாவில் போன் அடித்தது. ஸ்ரீனி அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னாம்மா, ஒன் மாமியா வூடா இது? ஏந்திரு!"

"புண்ணு ஆறட்டும் மொதலாளி. ஸ்டூலு நீங்க வாங்குனதுதான். எதுக்கு வாங்குனீங்கன்னு அந்த ஆபீசரையே கேக்கட்டுமா?"

போன் துண்டிக்கப்பட்டது.

பிரபாவும் மற்ற இரண்டு பெண்களும் அவளையே பார்த்தார்கள். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். பதினொரு ஆண்டுகள் அவளே பார்த்தது.

"இன்னாடி மொறைக்கிறீங்க? உள்ள இன்னும் மூணு கீது. போய் எட்துக்கினு வாங்க."