நான் எடுத்துவிட்ட ஐந்து விநாடி

குருவிட்ட என்ற டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் கணினி வகுப்பு நடக்கிறது. பத்திரிகை வேலையை விட்டு வந்த பிறகு அங்கே கணினிகளைப் பார்த்துக்கொண்டேன். பார்ப்பதற்கு எட்டுக் கணினிகள். உண்மையில் மூலையில் இருந்த ஒரே சர்வருக்குள் எட்டு வெர்ச்சுவல் மெஷின்கள் ஓடின. பிள்ளைகளின் மேசையில் இருந்தவை திரையும் கீபோர்டும் மட்டும்.

அந்த மெஷின்களில் விண்டோஸ் வருவதற்கு முன் ஃபர்ம்வேர் என்ற சிறிய நிரல் எழும். ஐந்து விநாடி காத்திருக்கும். அதற்குள் எஸ்கேப் விசையை அமுக்கினால் மெனு வரும். மெஷின் பழுதானால் அதன் வழியாகத்தான் திருத்தும் டிஸ்க்கைப் போட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஒருநாள் கடை முதலாளி மேலே வந்தார். "இதென்ன தம்பி, தொடங்கக்குள்ள யார்ட படமோ வருது? நம்மட பேரப் போடேலாதா?"

ஃபர்ம்வேரின் மூலநிரலை இறக்கித் திருத்தி, வகுப்பின் பெயரைப் படமாக வைத்தேன். கையோடு ஐந்து விநாடியையும் மெனுவையும் எடுத்துவிட்டேன். முதலாளி அதைக் கேட்கவில்லை. பத்திரிகையில் வரி வெட்டிப் பழகிய கை. புதிய கோப்பைப் பழையதன் மேலேயே சேமித்தேன். பிரதி வைக்கவில்லை. யாருக்கும் சொல்லவுமில்லை.

செய்முறைப் பரீட்சையன்று நல்ல மழை. நடுவில் கரண்ட் போனது. சர்வரின் பேட்டரி இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்ததும் ஏழு மெஷின்கள் எழுந்தன. எட்டாவது, வகுப்பின் பெயரைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. அதன் முன் இருந்தவள் தெரணியகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். சான்றிதழைக் கொண்டுவந்தால் ஃபெக்டரி ஆபீஸில் வேலை தருவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார்.

"சேர், எஸ்கேப் அமுக்கிட்டே இருக்கேன். மெனு வர மாட்டேங்குது."

"நீ அமுக்குற அமுக்குல அது செத்தே போயிருச்சுடி" என்றாள் பக்கத்து மேசைக்காரி. இருவரும் சிரித்தார்கள்.

பழைய ஃபர்ம்வேரைப் புதிதாக இறக்கலாம் என்றால் இணையம் இன்னும் வரவில்லை. அவள் செய்திருந்த வேலை மெஷினுக்குள் கிடந்தது. நேரம் முடிந்தது.

பரீட்சகர் சிங்களவர், பொறுமையானவர். வகுப்பின் பிழை என்றால் அடுத்த வாரமே மறுபடி செய்யலாம், மாணவியின் பிழை என்றால் அடுத்த தவணைதான் என்று விளக்கினார். பிறகு, பிள்ளை எதையாவது அமுக்கியதா என்று சிங்களத்தில் கேட்டார். முதலாளி வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஓவ் சேர், எபுவா" என்றேன். ஆமாம், அமுக்கினாள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் சிங்களம் தெரியும். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மாணவியின் பிழை என்று பரீட்சகர் குறித்துக்கொண்டார்.

மாலையில் இணையம் வந்தது. பழைய ஃபர்ம்வேரை இறக்கி, மெனு வழியாக டிஸ்க்கைப் போட்டேன். கால் மணியில் மெஷின் எழுந்தது. அவளுடைய வேலையைக் கேள்வித்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவரை செய்ததில் ஒரே ஒரு பிழை.

ஃபெக்டரி வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் அவள் மறுபடி பதிய வந்தாள். படியேறியதும் எட்டாவது மேசையைத்தான் பார்த்தாள்.

"அந்த மெஷின் இப்ப நல்லா இருக்குங்களா சேர்? தெரியாம அமுக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அறையில் வேறு யாரும் இல்லை.

"பரவாயில்லம்மா, விடு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. நன்றி சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள்.