சாவியை நான்தான் கொடுத்தேன்

உரம் விற்கிற வேலையில் உரம் கேட்டு வருகிறவர்களைவிட வண்டி கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். எழுபதுகளில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஓர் உரக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். கூத்தாநல்லூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஒரு கிராமம். ரோட்டோரத்தில் கம்பெனியின் குடோன், அதற்கு எதிரே என் வாடகை வீடு. அந்த வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் என்று சொல்ல என் வாசலில் நின்றது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை, கம்பெனி கொடுத்தது. வேறு யாரும் ஓட்டக்கூடாது என்பது கம்பெனி விதி. வாசலில் ஒரு வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு, கேட்டு வருகிறவர் முகத்தைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல வாய் வராமல் தவித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். மேலே படிக்கலாம்.

காற்றுக் குறைச்சல்

முதலில் மாட்டியது சோமசுந்தரத்திடம். வருஷத்துக்கு நாலைந்து மூட்டை யூரியா வாங்குகிற சின்ன விவசாயி. தங்கைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும், பஸ்ஸில் போய் இறங்கினால் மதிக்க மாட்டார்கள் என்று வந்து நின்றார். காலையில் ஓட்டிக்கொண்டு போனவர் சாயங்காலம் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தது, டாங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை, கண்ணாடி ஒன்றைக் காணோம். "காத்து கொஞ்சம் கம்மியா இருந்துச்சு சார், நீங்க கவனிக்கலை போலிருக்கு" என்று எனக்கே புத்தி சொன்னார். நான் பதில் பேசுவதற்குள் இன்னும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"வண்டி நம்மளுதுன்னு சொல்லிட்டேன் சார், கல்யாணம் முடியற வரைக்கும் நீங்களும் அப்படியே சொல்லிக்கிடுங்க."

பின் சீட்டு

அந்த வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்தவர் கலியமூர்த்தி. ஆயில் எஞ்சின், பம்புசெட் ரிப்பேர் பார்க்கிறவர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அப்பாவும் அம்மாவும் பெரிய பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்ப் பிழைத்தவர்கள். அவர்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் அவர்தான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அந்த ஊரில் செயலாளரும் அவரே. ரிப்பேர் முடிந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டுமே, அப்படித்தான் என் வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டார். என்னைவிட நன்றாகவே ஓட்டுவார். வேலை முடிந்தால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். என் மனைவி கிரேஸ் வைக்கிற மீன் குழம்பு அவருக்குப் பிடிக்கும்.

சுற்று ஊர்களுக்குப் போகும்போது அவரைப் பின்னால் ஏற்றிக்கொள்வேன். எந்த வாய்க்கால் கரையில் வண்டி போகும், எங்கே புதைந்துவிடும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் மிராசுதார்கள் குடியிருக்கிற தெரு முனை வந்ததும் என் தோளைத் தட்டுவார். இறங்கி, வயல் வழியாகச் சுற்றி நடந்து வந்து, தெருவின் அந்தப் பக்கத்தில் திரும்ப ஏறிக்கொள்வார். ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. ஜாதி ஒழியணும் என்று பேசி ஆட்சிக்கு வந்த கட்சியின் கொடி அந்தத் தெரு முனையிலேயே பறந்துகொண்டிருந்தது. ஒருநாள் அதைக் காட்டி, "இன்னும் உங்களுக்கு என்ன பயம் கலியமூர்த்தி?" என்று கேட்டேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே வரப்பில் இறங்கினார்.

"எனக்கென்ன சார் பயம், நான் உங்க பின்னாடி உக்காந்து அந்தத் தெருவுல வந்தா நாளைக்கு உங்ககிட்ட யாரு உரம் வாங்குவா?"

பஸ் வராத காலை

தை மாதம். சம்பா முற்றி, அறுக்க ஆளில்லாமல் பண்ணை வயல்களில் சாய்ந்து கிடந்தது. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்குவோம் என்று மிராசுதார்கள் சொன்னார்கள். நடுவில் ஒரு போலீஸ் வேன் வந்து ஆலமரத்தடியில் நின்றது. நெல் மணி கொட்ட ஆரம்பித்த பிறகுதான் தாசில்தார் இரண்டு பக்கத்தையும் மன்னார்குடிக்குப் பேச்சுக்குக் கூப்பிட்டார். எங்கள் ஊர்த் தொழிலாளர்களுக்காகப் பேச வேண்டியவர் கலியமூர்த்தி.

அன்றைக்குக் காலை பஸ் வரவில்லை. எங்கோ அச்சு முறிந்து நின்றுவிட்டது என்றார்கள். மிராசுதார்கள் காரில் முன்னமே போய்விட்டார்கள். கலியமூர்த்தி வெள்ளைச் சட்டையோடு என் வாசலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். "நான் போய்ச் சேரலேன்னா பழைய கூலியையே முடிவு பண்ணிடுவாங்க சார்" என்றார். "ஏறுங்க, நானே கொண்டுபோய் விடறேன்" என்று வண்டியை எடுத்தேன். அவர் ஏறவில்லை. பெரிய பண்ணை தட்சிணாமூர்த்திதான் என்னிடம் அதிகமாக உரம் வாங்குகிறவர், அவர் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பார், என்னோடு வந்து இறங்குவதைப் பார்த்தால் என் பிழைப்பு போய்விடும் என்று சொன்னார். தனியாகப் போனால் ரிப்பேர் பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், சாவியை மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். சாவியை அவர் கையில் வைத்தேன். கிரேஸ் காப்பி கொண்டு வந்தாள். நின்றபடியே குடித்துவிட்டு அவளிடம் சொன்னார்:

"மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி வண்டி உங்க வாசல்ல நிக்கும் அக்கா."

வைக்கோல்

எங்கள் பக்கத்தில் கதிர் அடித்த பிறகும் வைக்கோலில் கொஞ்சம் நெல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்து மிச்சத்தை உதிர்த்துவிடும். பண்ணை வயல்கள் அறுக்காமல் நின்றாலும், சின்னதாகக் குத்தகை வைத்திருந்தவர்கள் குடும்பத்தோடு இறங்கித் தங்கள் நிலத்தை அறுத்துவிட்டிருந்தார்கள். அவர்களுடைய வைக்கோல்தான் மன்னார்குடி ரோட்டில் மதகுத் திருப்பம் வரைக்கும் பரப்பியிருந்தது. மேலே இன்னும் பனி காயவில்லை.

சைக்கிளில் வந்த ஒருவர் குடோன் வாசலில் செய்தி சொன்னார். அதே சைக்கிளை வாங்கி மிதித்துக்கொண்டு போனேன். நான் போவதற்குள் கலியமூர்த்தியை ஒரு டிராக்டரில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி மதகுச் சுவரில் மோதி, முன் சக்கரம் மடங்கி, வைக்கோலில் பாதி புதைந்து கிடந்தது. ரத்தம் பட்ட வைக்கோலை யாரோ தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். ரோட்டோரத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் கலியமூர்த்தியின் தெருக்காரர்கள். திருப்பத்தில் குனிந்து வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு வண்டிச் சத்தம் கேட்டும் விலக நேரமில்லை. ஒரு பெண் குழந்தையைக் கீழே விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள்தான் பேசினாள்.

"எங்க மேல ஏறிடக்கூடாதுன்னுதான் சார் திருப்பினாரு, இல்லேன்னா நேரா போயிருப்பாரு."

பெரிய ஆஸ்பத்திரி

மன்னார்குடியில் பார்த்துவிட்டு, தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் அவர் மனைவி அஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தார். கலியமூர்த்திக்குத் தலையிலும் மார்பிலும் கட்டு. நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது பேச்சுவார்த்தை என்ன ஆச்சு என்று. தள்ளி வைத்துவிட்டார்கள், நீங்கள் இல்லாமல் நடக்காது என்றேன். அது உண்மையா என்று அப்போது எனக்கே தெரியாது. பிறகு விசாரித்தபோது உண்மைதான்.

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று எழுந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. மறுநாள் பொழுது விடிந்து வார்டுக்குப் போனபோது கட்டிலைக் காலி பண்ணியிருந்தார்கள்.

"கம்பெனி வண்டியாச்சே சார், ரொம்ப அடியா?"

மேனேஜர் கார்

அடக்கம் முடிவதற்குள் ஊரில் மூன்று கதை கிளம்பிவிட்டது. லாரி விட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு தெரு சொன்னது. குடித்துவிட்டு ஓட்டினான் என்று இன்னொரு தெரு சொன்னது. உரக் கம்பெனிக்காரன் வண்டியைத் திருடிக்கொண்டு போனான் என்பது மூன்றாவது. மதகடியில் இருந்த பெண்கள் நடந்ததை நடந்தபடி அழுதுகொண்டே சொன்னார்கள். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

திருச்சியிலிருந்து எங்கள் மேனேஜர் காரில் வந்து இறங்கினார். என்மேல் பிரியமுள்ளவர்தான், வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். வெளியாள் ஓட்டினான் என்று தெரிந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்காது, கம்பெனிமேல் கேஸ் வரும், என் வேலை போகும் என்று பொறுமையாக விளக்கினார். வாசலில் நின்ற வண்டியைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று ஸ்டேஷனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றார். அவர் என் தோளில் கைபோட்டுச் சொன்னார்:

"செத்துப் போனவனுக்கு இனிமே என்னப்பா கெட்ட பேரு, உயிரோட இருக்கறவன் நீ பிழைக்க வேண்டாமா?"

ஸ்டேஷன்

மறுநாள் காலை கிரேஸ் எனக்குச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்கவில்லை. ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் அஞ்சம்மாளும் அவர் தம்பியும் நின்றார்கள். உள்ளே பெரிய பண்ணை தட்சிணாமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெரிய மனிதர் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஏட்டு என்னைக் கேட்டார், "வண்டி எப்படி சார் அவன் கைக்குப் போச்சு?" தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். "சாவியை நான்தான் கொடுத்தேன். அவர் கேட்டார், நான் என் கையால கொடுத்தேன்" என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார் ஏட்டு. திரும்பவும் அதையே சொன்னேன். லாரி எதுவும் வந்து மோதவில்லை, வைக்கோல் சறுக்கிவிட்டது, பெண்களைக் காப்பாற்றத் திருப்பினார் என்று கேட்டறிந்ததையும் சொன்னேன். அதனால் லாரிக் கதை சொன்னவர்களுக்கும் என்மேல் கோபம்.

வெளியே வந்தபோது தட்சிணாமூர்த்தி பின்னாலேயே வந்தார். காரில் ஏறுவதற்கு முன் நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். சாதாரணமாகத்தான் பேசினார்.

"நீ சொன்னது நெசம்தான் தம்பி, அந்தப் பய திருடற ஆளு இல்லேன்னு எனக்கும் தெரியும், ஆனா இனிமே உங்கிட்ட மூட்டை எடுத்தா எங்க தெருவுல நான் தலை நிமிந்து நடக்க முடியாது."

சைக்கிள்

தட்சிணாமூர்த்தி உரம் வாங்குவதை நிறுத்தியதும் மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை, மேனேஜர் அந்த அளவுக்குக் காப்பாற்றினார். என்னைப் பூதலூர் குடோனில் மூட்டை எண்ணுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். வண்டியை ரிப்பேர் பார்த்து, எனக்குப் பதிலாக வந்த பையனிடம் கொடுத்தார்கள். சாமான் ஏற்றின அன்று சோமசுந்தரம் மட்டும் வந்து அலமாரிக்குக் கைகொடுத்தார். வண்டி போன பிறகு வாங்கியிருந்த சைக்கிளை நான் கயிறு போட்டு லாரியில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதையாச்சும் அங்க போயி யாருக்கும் கொடுக்காதீங்க சார்."

அஞ்சம்மாள்

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் நானும் கிரேஸும் அஞ்சம்மாளைப் பார்க்கப் போனோம். கூலிப் பேச்சு அதற்குள் முடிந்துவிட்டது. கேட்டதில் பாதி கிடைத்திருந்தது. புருஷன் போன பிறகு அஞ்சம்மாள் அன்றைக்குத்தான் முதல்முறையாக அறுப்புக்குப் போய்விட்டு வந்திருந்தார். கையிலும் காலிலும் வயல் சேறு காய்ந்திருந்தது. பாய் விரித்து எங்களை உட்கார வைத்தார். அவர் புருஷனைத் திருடன் என்று யாரும் சொல்ல முடியாதபடி நான் பேசினேன் என்பது தெருவுக்கே தெரியும். நானும், உள்ளதைச் சொல்கிறேன், ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன்.

கிரேஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அஞ்சம்மாள் என்னைப் பார்த்துக் கோபமில்லாமல், ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எல்லாரும் உங்களை நல்லவருன்னு சொல்றாங்க சார், அன்னிக்கு ஒரு நாளு நீங்க இல்லேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

நான் அந்த வேலையில் கற்றுக்கொண்டது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால், இன்று காலையில் அடுத்த வீட்டுக்காரர் வந்து கேட்டதும் ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டிவிட்டு, அவர் திரும்புகிறாரா என்று வாசலைப் பார்த்தபடியேதான் இவ்வளவையும் எழுதி முடித்திருக்கிறேன்.