நடவுக்காரிகள் பங்கு போட்ட ஆராய்ச்சி

மேஜர் கிங்ஸ்டன் பாளையங்கோட்டைக்காரர். வடக்கே ஒரு ராணுவ மருத்துவக் கல்லூரியில், நோய்த்தடுப்புத் துறையில் விரிவுரையாளர். எதையும் சந்தேகப்படுவதே ஆராய்ச்சியாளனின் முதல் கடமை என்று காலையில் பாடம் நடத்துவார். மதியம் துறைத் தலைவரான கர்னல் எதைச் சொன்னாலும் "யெஸ் சார்" என்பார். இரண்டையும் மனதாரச் செய்தார்.

தொண்ணூற்று நாலில் துறைக்கு மலிவான புது இரும்புச்சத்து மாத்திரை ஒன்று வந்தது. பழைய மாத்திரை அளவுக்கு அது ரத்தத்தை ஊற வைக்கும் என்று நிரூபித்தால் பட்டாளத்துக்கே வாங்கலாம். சேரன்மகாதேவியில் நடவு நடும் பெண்களுக்குச் சோகை அதிகம், அந்த ஜனங்களை எனக்குத் தெரியும் என்று கிங்ஸ்டன் முன்வந்தார். மாத்திரை தேறினால் துறையிலேயே பதவி உயர்வு, இல்லாவிட்டால் எல்லை முகாம் என்று கர்னல் ஒளிக்காமல் சொல்லியனுப்பினார்.

சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குப் பழையது, மீதிப் பேருக்குப் புதியது. மாத்திரைகள் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. உறையில் மட்டும் சிவப்புக் கோடு, நீலக் கோடு.

சில மாதம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே அளவு முன்னேற்றம். கர்னல் தொலைபேசியில் வாழ்த்தினார். அந்தச் சந்தோஷத்தில் கிங்ஸ்டன் வயலுக்கே போய், நடவுக் கூட்டத்தை நடத்தும் மாரித்தாயிடம் கேட்டார்.

"தெனமும் ஒழுங்காத் தின்னீயளா?"

"ஒரு நாள் விடல, டாக்டரய்யா. வரப்புல உக்காந்து எல்லாத்தையும் கொட்டிக் கலந்துதான் ஆளுக்கு ஒண்ணு எடுப்போம்."

"கலந்தா?"

"பின்ன? இவளுக்குச் செவப்புக் கோடு, எனக்கு நீலக் கோடு. எது ஒசத்தின்னு எங்களுக்கு என்ன தெரியும்? ஒரே வயல்ல குனியுதோம், ஒருத்திக்கு நல்லதும் ஒருத்திக்கு மட்டமுமா? பட்டாளத்துல வேணா அப்படி நடக்கும்."

"சும்மா இரு யக்கா. ஐயா மொகம் செத்துப்போச்சு பாரு" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

வெற்றிலை முதல் கூலி வரை இவர்கள் சமமாகப் பிரிப்பார்கள் என்பது கிங்ஸ்டனுக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஆராய்ச்சித் திட்டம் எழுதும்போது மட்டும் தெரியாமல் போயிற்று. எல்லாரும் இரண்டையும் தின்ற பிறகு எது வேலை செய்தது என்று யார் சொல்வது? எண்கள் என்னவோ அழகாகவே இருந்தன. பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது, அந்த மாத்திரையை நம்பி விழுங்கப்போகும் சிப்பாய்களைத் தவிர.

எஸ்டிடி பூத்திலிருந்து கர்னலிடம் சொன்னார்.

"அவர்களிடம் உன்னை யார் கேட்கச் சொன்னது?" என்றார் கர்னல். எண்களை அப்படியே அனுப்பிவிடும்படி உத்தரவிட்டார். முதல் தடவையாக கிங்ஸ்டன் "யெஸ் சார்" சொல்லவில்லை.

ஆராய்ச்சி ரத்தாயிற்று. எல்லை முகாமுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மிச்ச மாத்திரைகளைத் திரும்ப வாங்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

"உள்ளதச் சொன்னதுக்கா மாத்திரையப் பிடுங்குதிய?" என்றாள் மாரித்தாய். "இப்பதான் குனிஞ்சு நிமுந்தா கண்ணு இருட்டாம இருக்கு."

"சர்க்கார் ஆஸ்பத்திரில குடுப்பாங்கம்மா."

"அங்க போய் நின்னா அன்னைக்குக் கூலி யாரு தருவா?"

அவளே உறைகளைச் சேகரித்து, சேலைத் தலைப்பில் ஈரம் துடைத்துக் கொடுத்தாள்.

"இனி எவரு வந்து கேட்டாலும், குடுத்தபடியே தின்னோம்னு சொல்லிருதோம். போதுமா?"

போதாது என்று விளக்க கிங்ஸ்டன் வாயெடுத்தார். அதற்குள் அவர்கள் நாற்றுமுடியை அவிழ்த்துக் குனிந்துவிட்டார்கள்.