கால் நூல் குறைச்சல்

தையல்காரம்மாவுக்கு அந்த வேனைப் பார்த்தாலே கொட்டாவி வரும். கல்யாணமான புதிதில் அவள் புருஷன் கடைகளுக்கு ரொட்டி போடுவதற்காக வாங்கிய வண்டி அது. அதைச் செய்த கம்பெனியையே இழுத்து மூடியாகிவிட்டது. ரொட்டிக்காரர் மட்டும் விடாப்பிடியாக ஓட்டிக்கொண்டிருந்தார். விடியும்போது பேக்கரியில் சரக்கை ஏற்றி, கடை கடையாக இறக்கிவிட்டு அவர் வீடு திரும்புவதற்குள் இவள் பள்ளிச் சீருடைகளோடு மல்லுக்கட்டி ஓய்ந்திருப்பாள். இரண்டு பேருக்கும் இடுப்பு வலி. யாருக்கு அதிகம் என்ற பேச்சை இருவருமே விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் வண்டி நடுரோட்டில் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது. எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு அலுமினிய மூடி உண்டு. சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். உச்சியில் குழாய் மாட்ட ஒரு மூக்கு, போல்ட் போட இரண்டு பக்கமும் காது. அது குறுக்கே விரிசல் விட்டிருந்தது. பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கியதில் ஒன்று அகப்பட்டது. அதுவும் அதே இடத்தில் விரிந்திருந்தது.

"நாமளே வார்த்துடலாம்" என்றார் ரொட்டிக்காரர்.

"எதை?"

"மூடியத்தான். செல்போன்ல ஒருத்தர் வீட்டுலயே செஞ்சு காட்டுறாரு."

"செஞ்சு காட்டுவாரு. அப்புறம் வீட்டைக் கூட்டுறது யாருன்னு காட்டினாரா?"

அவர் பின்கட்டில் ஒரு இரும்பு வாளிக்கு உள்பக்கம் களிமண் பூசி அடுப்பாக்கினார். கரி மூட்டினார். காற்று ஊத, மகள் விட்டுப்போன தலை உலர்த்தும் மெஷினை இரும்புக் குழாயில் செருகினார். உருக்குவதற்கு மெக்கானிக் கடையில் தூக்கிப்போட்ட பழைய பிஸ்டன்கள். அச்சுப் பதிக்க அள்ளி வந்த மணல் வீடு முழுக்கப் பரவியது. படுக்கையில் மணல், தையல் மெஷினில் மணல். வெள்ளைச் சட்டைத் துணியில் கரி படிந்து, பாதியை அவள் மறுபடி துவைத்தாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனார், அவருடைய அக்கா, கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "டேய், வீட்டைக் கொளுத்துறதுன்னா முன்கூட்டியே சொல்லு. நான் துணிமணியையாவது எடுத்துக்கறேன்."

முதல் தடவை மணலில் ஈரம் அதிகமாகிவிட்டது. உருகிய அலுமினியம் உள்ளே போன வேகத்தில் ஆவி கிளம்பி, வெடித்துச் சிதறியது. ரொட்டிக்காரரின் வலது மணிக்கட்டு வெந்துபோயிற்று. கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"பேக்கரியில என்ன சொல்றாங்க?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

"நான் போற கடை லைனை இன்னும் யாருக்கும் குடுக்கல. ஆனா எத்தனை நாளைக்குப் பொறுப்பாங்க?"

அவள் பெருமூச்சு விட்டாள். எழுந்து போய், அவருடைய பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டாள். "சொல்லுங்க. மணல்ல எவ்வளவு தண்ணி?"

இரண்டாம் தடவை அவள்தான் ஊற்றினாள். விரிசலைப் பசை வைத்து அடைத்த பழைய மூடியையே மணலில் பதித்து எடுத்து அச்சு உண்டாக்கியிருந்தார்கள். ஆறியதும் தட்டி எடுத்தால், மூடி பார்க்க லட்சணமாக இருந்தது. மாட்டிப் பார்த்தால் ஒரு போல்ட் இறங்கியது, மற்றது இறங்கவே மாட்டேன் என்றது.

ரொட்டிக்காரர் வண்டிச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "போதும். வித்துடலாம்."

எத்தனையோ வருஷமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. இப்போது கேட்டபோதோ அவளுக்கு ஒப்பவில்லை. கழுத்தில் கிடந்த அளவு டேப்பை எடுத்துப் பழைய மூடியை அளந்தாள், புதியதை அளந்தாள். மறுபடி அளந்தாள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத்தான் தையல்காரர்கள் நூல் என்பார்கள்.

"ஏங்க, இது கால் நூல் குறைச்சல்."

"அச்சு ஒண்ணுதானே? எப்படிக் குறையும்?"

"புதுத் துணியை நனைச்சா சுருங்குதுல்ல? இது ஆறும்போது சுருங்குது போல. தையலுக்குன்னு துணி கூட விடறோமே, அந்த மாதிரி விடணும்."

பழைய மூடியின் காதுகளுக்கு வெளிப்புறம் ஒட்டும் டேப்பைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்கினாள். துளைகளை அடைத்துவிட்டாள், புது மூடிக்கான துளைகளைப் பிறகு தெருமுனை மெக்கானிக் சரியான இடத்தில் போட்டுக் கொடுப்பார். மறுபடி கரி, மறுபடி புகை. மாடியிலிருந்து சத்தமில்லை, நாத்தனாருக்கும் அலுத்துவிட்டது போலும். சற்று நேரத்தில் அவளே ஒரு குடம் தண்ணீரோடு இறங்கி வந்து, தீப்பிடித்தால் ஊற்றத் தயாராகப் பக்கத்தில் நின்றாள்.

"உருகினதுல மட்டும் ஊத்திடாதீங்க அண்ணி, வெடிச்சிரும்" என்றாள் தையல்காரம்மா.

"எனக்கென்ன பைத்தியமா?"

மெக்கானிக் துளை போட்டுக் கொடுத்ததும் இரண்டு போல்ட்டும் இறங்கின.

மறுநாள் விடியலில், கட்டுப் போட்ட கையோடு அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளும் ஏறி உட்கார்ந்தாள். ரொட்டித் தட்டுகள் பின்னால் கடகடத்தன. சூட்டைக் காட்டும் முள்ளையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பாதிவரை ஏறி, அங்கேயே நின்றது. மேட்டில் ஏறியபோதும் அசையவில்லை. கடைசிக் கடையில் சரக்கை இறக்கியபிறகுதான் இருக்கையில் சாய்ந்தாள்.

ரொட்டிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சின் பக்கம் குனிந்தார். "டைனமோவைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் ஒரு மாதிரி சத்தம் போடுது. கேக்குதா?"

"கேக்குது" என்றாள் கண்ணைத் திறக்காமல். "அதை நாளைக்குச் சொல்லுங்க."