எலும்பு முறிவு தேடிப் படித்த பந்தய வரலாறு

என் மகள் குதிரைப் பந்தயத்தில் ஓடப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையலறையில் வேலை செய்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் எத்தனையோ தட்டுகளில் ரொட்டியை இரண்டு முறை வைத்திருப்பேன். யாராவது பயணி சந்தோஷப்பட்டிருக்கலாம்.

இதை எங்கள் ஆட்களிடம் சொல்லவும் முடியாது. ரேஸ் என்றால் எங்களுக்குத் தெரிந்தது பந்தயம் கட்டுகிற புக்கி கடைதான். ஊரில் ஒருவன் ரேஸுக்குப் போகிறான் என்றால், வீட்டை விற்கப்போகிறான் என்று அர்த்தம். லாசாலில் எங்கள் மாடிக் கட்டடத்தில் இருக்கும் அக்கா ஒருவரிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிள்ளையை எப்படியும் அந்தப் பழக்கத்திலிருந்து மீட்டுவிடலாம் என்று என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். அவள் பந்தயம் கட்டவில்லை, குதிரையில் ஏறி ஓடுகிறாள் என்று விளக்கினேன். அவர் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

மகளுக்கு இருபத்தைந்து வயது. கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சனி, ஞாயிறு வந்தால் பாலத்தைத் தாண்டித் தெற்கே ஒரு குதிரை லாயத்துக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூட நாட்களில் சாணம் அள்ளத் தொடங்கியவள், மெல்ல மெல்லச் சேணத்தில் ஏறிவிட்டாள். லாயத்துக்காரி தன்னுடைய மண்ணிறக் குதிரை ஒன்றை அவளிடம் நம்பிக் கொடுத்து, வசந்தத்தில் நடக்கும் தடை தாண்டும் பந்தயத்தில் ஓடச் சொல்லியிருந்தாள். சம்பளத்துக்குக் குதிரை ஓட்டுபவர்கள் அதில் சேர முடியாது. ஆசைக்கு ஓடுபவர்களுக்கு மட்டுமேயான பந்தயம். ஆசைக்கு எலும்பை முறிப்பவர்கள் என்று நான் எனக்குள் திருத்திக்கொண்டேன்.

பந்தயத்தின் வரலாற்றைச் சொல்லும் மெல்லிய புத்தகம் ஒன்றை அவள் குசினி மேசையில் விட்டுப்போயிருந்தாள். அதை நான் ஒரே நோக்கத்தோடு படித்தேன். யார் விழுந்தார்கள், எதை முறித்தார்கள், யார் திரும்பி வீட்டுக்கு வரவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு படித்ததால் வரலாறும் கூடவே உள்ளே போய்விட்டது.

பொழுது போகாத படை அதிகாரிகள்தான் இதைத் தொடங்கினார்களாம். ஒரு கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தடியில் நின்று, தூரத்தில் மின்னும் அடுத்த கிராமத்துக் கோபுரத்தைக் குறிவைத்து, நடுவில் வேலி, வாய்க்கால், விதைத்த வயல் எது வந்தாலும் பாய்ந்து போவது. விதைத்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்குமா? அவர்கள் தடியெடுத்த பிறகு, ஒரு பெரிய வீட்டார் தங்கள் புல்வெளியைக் கொடுத்தார்கள். குச்சிகளைக் கட்டி வேலிகள் செய்து, பாதையை வட்டமாக்கினார்கள். கையால் உழைத்துக் கூலி வாங்கும் எவரும் ஓட முடியாது என்பது அந்தக் காலச் சட்டம். அதை மட்டும் அப்படியே வைத்திருந்தால் என் மகள் வீட்டில் இருந்திருப்பாள் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பேந்து உலக யுத்தம் வந்து ஆண்களையும் குதிரைகளையும் கொண்டுபோனது. பந்தயம் நின்றது, திரும்பத் தொடங்கியது. ஓட ஆண்கள் போதாமல் போனபோதுதான் பெண்களைச் சேர்த்தார்கள், அதுவும் முதலில் விருந்தாளிகளாக.

புத்தகம் கொண்டாடியது வேறு விதமான ஆட்களை. தோள்பட்டை எலும்பு முறிந்தும் ஒற்றைக் கையால் கடிவாளத்தைப் பிடித்து ஓடி முடித்தவர், விழுந்து எழும்பி மீண்டும் ஏறி வென்றவர். பாதியில் நிறுத்தியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. முறிவுகளைத் தேடி எடுத்து, இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

“நீங்கள் வரலாறு படிக்கேல்லை அம்மா, ஆஸ்பத்திரி ரிப்போர்ட் படிக்கிறியள்,” என்றாள் மகள்.

கணவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்து சாப்பிட்டார். அவருக்கு எதுவும் உறைக்காது.

பந்தய நாளன்று ஈர மண் மணத்தது. பூச்சிகள் காதைச் சுற்றின. கணவர் மடிக்கிற கதிரையை விரித்து, மீன் ரோல்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கதிரையில் உட்கார முடியவில்லை. மகளை நிறுக்கிற இடத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கனமான ஆண்களுக்கென்று என்றோ வைத்த எடைக் கணக்கு இன்றும் மாறவில்லை. சேணத்தோடு ஏறி நின்றும் மகளுக்கு எடை போதவில்லை. குறைந்த எடையை ஈடுகட்டச் சேணத்துக்குக் கீழே ஈயத் தகடுகளைச் செருகினார்கள். வாழ்க்கை முழுக்க இன்னொரு பிடி சாப்பிடு என்று கெஞ்சியவள் நான். அந்த ஈயத்தைப் பார்க்கப் பொறுக்காமல் அங்கிருந்தும் நடந்தேன்.

நடந்து நடந்து பாதையின் பின்பக்கத்துக்கே வந்துவிட்டேன். அங்கே கடைசித் தடைகள் இரண்டு அடுத்தடுத்து இருந்தன. கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விழக் கூடாது, விழக் கூடாது என்று முணுமுணுத்தபடி நின்றேன். தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மனுஷி நான் யாருடனோ போனில் கதைக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

முதல் சுற்றில் நிலம் அதிர அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மகள் நடுவில் இருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். இடிந்த மணல் கோட்டையைத் திரும்பக் கட்டும் சின்னப் பிள்ளையின் முகம் அது, அவ்வளவு கவனம். என்னுடைய பயம் அவளிடம் கொஞ்சமும் இல்லை.

இரண்டாம் சுற்றில் முன்னால் ஓடிய குதிரை தூரத்துத் தடையில் விழுந்தது. அதை ஓட்டியவன் எழும்பிவிட்டான். மற்றக் குதிரைகள் என் பக்கம் திரும்பி வந்தபோது முன்னால் இருந்தது என் மகள். மற்றவர்கள் பின்னால், நன்றாகப் பின்னால். அந்த நிமிடத்தில் என் முணுமுணுப்பு நின்றுவிட்டது. குளிர்காலம் முழுக்கப் படித்த ஒரு முறிவும் ஞாபகத்தில் இல்லை. கூலிக்காரருக்கு இடமில்லை என்று சொன்ன இந்தப் புல்லில், ஈயம் சுமந்துகொண்டு என் பிள்ளை முன்னால் வருகிறாள். அவள் வெல்ல வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

கடைசிக்கு முந்திய தடையை அவளும் குதிரையும் பாய்ந்தார்கள். இறங்கியதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து கடிவாளத்தை இழுத்தாள். குதிரையின் ஓட்டம் தளர்ந்தது.

“விடாதை பிள்ளை, போ,” என்று கத்தினேன். என் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் அதுவரை வந்ததில்லை. “போ, போ.”

குதிரை திரும்பவும் வேகம் எடுத்தது. சில பாய்ச்சல்கள்தான். கடைசித் தடை நெருங்குமுன் அவள் மறுபடியும் நிமிர்ந்து, முழுப் பலத்தோடு இழுத்து, குதிரையைப் பாதைக்கு வெளியே திருப்பி நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் அவளைக் கடந்து பாய்ந்து போனார்கள். யாரோ வென்றார். யார் என்று நான் பார்க்கவில்லை.

பந்தயத் திடலில் இருந்த லாயத்தின் பின்னால் அவளைக் கண்டுபிடித்தேன். குழாயைப் பிடித்து, குதிரையின் முன்னங்காலில் குளிர்ந்த தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மிருக வைத்தியர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். நரம்பு பிசகியிருக்கிறது, ஓய்வு எடுத்தால் ஆறும், அந்தக் காலோடு இன்னொரு தடை பாய்ந்திருந்தால் இரண்டு பேரும் குப்புற விழுந்திருப்பீர்கள் என்று சொன்னாராம். அதைக் கேட்ட பிறகும் என் கோபம் ஆறவில்லை. இப்போது நினைக்க எனக்கே வியப்பாக இருக்கிறது.

“நீ வெண்டிருப்பாய்,” என்றேன்.

அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“உங்கட சத்தம் கேட்டது அம்மா. கால் நோகுதெண்டு எனக்கு முதலே விளங்கீட்டுது. நிப்பாட்டத்தான் இழுத்தனான். நீங்கள் போ எண்டு கத்தினவுடனை விட்டிட்டன்.”

அந்தச் சில பாய்ச்சல்கள் என் கண்முன் ஓடின. அவை குதிரையுடையவை அல்ல, என்னுடையவை. பாய்ந்திருந்தால் என்ற நினைப்பை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“அடுத்த முறை நீங்கள் வீட்டிலை நில்லுங்கோ,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கார்டெரியில் பிள்ளைகளிடம் பேசுகிற குரல் அது.

“ஓம்,” என்றேன்.

குழாயை என்னிடம் தந்துவிட்டு அவள் துவாய் எடுக்கப் போனாள். நான் அந்தக் காலுக்குத் தண்ணீர் விட்டபடி நின்றேன். குதிரை அசையாமல் நின்றது.